ஐந்து சிவப்புப் புள்ளிகள்

காலை 9.40. பதினோரு பேர். அலுவலகச் சுற்றுலாவை முடிவு செய்ய அளவுகோல் எழுந்து ஆற்றின் வரைபடத்தைச் சுவரில் மாட்டினார்.

அளவுகோல் என்பது அவருடைய பெயர் அல்ல. எதையும் நூல் வைத்து அளப்பவர் என்பதால் அந்த வரைபட அலுவலகம் வைத்த பெயர். வரைபடத்தில் ஆற்றின் ஒவ்வொரு வளைவிலும் நூலை ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"எட்டு கிலோமீட்டர். தண்ணி இடுப்பளவு. ஓட்டம் மெதுவா இருக்கும். துடுப்பு போட மறந்தாலும் கயாக் படகு தானா போய்ச் சேரும். ரெண்டு பேர் உட்கார்றது அஞ்சு, ஒத்தை ஆளுக்கு ஒண்ணு. நீச்சல் தெரிஞ்சவங்களும் லைஃப் ஜாக்கெட் போடணும். ஒரு வேனை முன்னாடியே கொண்டுபோய் இறங்குற இடத்துல விட்டுடணும். இல்லேன்னா ஈரத் துணியோட எட்டு கிலோமீட்டர் நடக்கணும்."

"இருபது வருஷமா இந்த ஆத்தை வரையறோம். ஒருத்தரும் கால் நனைச்சதில்லை," என்றார் மேலாளர். "போவோம். ஆனா பதினோரு பேரும் வந்தாத்தான் ஆபீசுக்கு லீவு. ஒருத்தர் குறைஞ்சாலும் கிடையாது."

எல்லோரும் பிழைதிருத்தும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். சுற்றுலாவுக்கு வருபவர்கள் பட்டியலில் பத்துப் பெயருக்கு நேரே டிக் இருந்தது. அவர் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. ஜனவரியில் ஆபரேஷன் முடிந்து திரும்பியதிலிருந்து அவர் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை.

"வீட்ல வேலை இருக்கு," என்றார், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"உங்க ஒருத்தரால பத்து பேரு லீவு போகுதுக்கா," என்றான் வண்ணம். வரைபடங்களுக்கு நிறம் தீட்டுபவன். வாய்க்குப் பூட்டு இல்லாதவன்.

அக்கா பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

"நான் இன்னும் முடிக்கலை," என்றார் அளவுகோல். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து ஆற்றங்கரையில் ஐந்து புள்ளி வைத்தார். "இந்த அஞ்சு இடத்துலயும் நிறுத்தணும். இருபது நிமிஷத்துக்கு ஒண்ணு."

"என்ன இருக்கு அங்க?"

"கழிப்பறை. நேத்து போய்ப் பார்த்துட்டு வந்தேன். அஞ்சுலயும் குழாய்ல தண்ணி வருது. உள்பக்கத் தாழ்ப்பாள் விழுது."

 சிரிப்பு வெடித்தது.

"ரெண்டு மணி நேரத்துல அஞ்சு தடவையா? டவுன் பஸ்கூட இப்படி நிக்காது சார்!"

"எனக்குச் சர்க்கரை. அடக்க முடியாது," என்றார் அளவுகோல். "நிறுத்தலைன்னா நான் வரலை. நான் வரலைன்னா யாருக்கும் லீவு இல்லை."

"மிரட்டுறீங்களா?"

"ஆமா."

மேலாளர் சமாதானத்துக்கு வந்தார். "மூணு இடத்துல நிறுத்துவோமே."

"அஞ்சு. அதுல பேரம் இல்லை சார்."

"ஒரு ஆளுக்காகப் பத்து பேரு கரை ஏறி இறங்கணுமாம்! நல்லா இருக்கு நியாயம்," என்றான் வண்ணம். "இனிமே இவர் பேரு அளவுகோல் இல்லை. சொட்டுநீர்!"

மேலாளரே ஃபைலை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சிரித்தார். அளவுகோலின் காது சிவந்தது. ஆனால் புள்ளி ஒன்றைக்கூட அழிக்கவில்லை.

பிழைதிருத்தும் அக்கா மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போதும், விடுங்கப்பா. உடம்பு முடியலைன்னா மனுஷன் என்ன பண்ணுவார்?" என்றார். "நானும் வரேன். இவருக்காக நிறுத்துறப்ப துணைக்கு இறங்க ஒருத்தராவது வேணாமா?"

பெரிய மனசு என்று எல்லோரும் கைதட்டினார்கள். பதினோராவது டிக் விழுந்தது.

வெள்ளிக்கிழமை போனார்கள். ஆறு அளவுகோல் சொன்னபடியே நடந்துகொண்டது. முதல் பத்து நிமிடம் இரண்டு கயாக்குகள் பம்பரமாகச் சுற்றின. மேலாளருடையது நேராக நாணலுக்குள் போய்ச் செருகிக்கொண்டது.

"நம்ம மேப்ல இங்க நாணலே இல்லையே!"

"சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டதே நீங்கதான் சார்."

ஒவ்வொரு சிவப்புப் புள்ளியிலும் வண்ணம் முன்னாலிருந்து கத்தினான். "சொட்டுநீர் ஸ்டாப்! இறங்குறவங்க இறங்கலாம்!"

தோளில் துண்டோடு, யாரையும் பார்க்காமல், அளவுகோல்தான் முதலில் கரையேறுவார். பின்னாலேயே துணைக்கு அக்கா. மற்றவர்கள் படகுகளைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தார்கள்.

திரும்பும்போது வேனில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். "அடுத்த வருஷமும் போகணும்," என்றார்.

"அடுத்த வருஷம் இவர் பத்து ஸ்டாப் கேப்பாரு," என்றான் வண்ணம்.

வேனில் அதற்கு அதிகமாகச் சிரித்தது அக்காதான். அளவுகோலும் சிரித்தார்.

நவம்பர் 14 அன்று ஆண்டு மருத்துவப் பரிசோதனைப் பட்டியல் வந்தது. எழுத்து இருக்கிற எந்தத் தாளும் அந்த அலுவலகத்தில் பிழைதிருத்தும் அக்காவின் மேஜைக்குத்தான் முதலில் போகும். பெயர்களில் பிழை பார்த்துக்கொண்டே வந்தவர் நான்காவது வரியில் நின்றார். அளவுகோலுக்குச் சர்க்கரை இல்லை. பக்கத்துக் கட்டத்தில் போன வருடக் கணக்கு. அப்போதும் இல்லை.

அச்சுப்பிழையாக இருக்கும் என்று மருத்துவமனைக்கு போன் செய்து கேட்டார். இல்லை என்றார்கள்.

அக்கா உட்கார்ந்திருந்தது கழிப்பறைக்கு மிக அருகில் இருந்த மேஜை. பிப்ரவரி வரை அது அளவுகோலுடையது. "இங்க காத்து ஜாஸ்தி, எனக்கு ஒத்துக்கலை. நீங்க மாத்திக்குங்க," என்று அவர்தான் வற்புறுத்திக் கொடுத்திருந்தார்.

அக்கா பட்டியலின் அடியில் 'பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.