மோர் வார்த்த தொட்டி

குழாயில் மாட்டிய வெள்ளைக் கல் தண்ணீரிலுள்ள ஈயத்தை உறிஞ்சி நீலமானதும், வாரம் ஒருமுறை வரும் வண்டியில் திருப்பித் தந்துவிட வேண்டும். வண்டி வரும் வேளையில் தமயந்தி வேலையில் இருப்பாள். சேர்ந்துபோன நீலக் கற்களை அழகுக்காகக் கறிவேப்பிலைத் தொட்டியில் பரப்பி, வழக்கம்போலப் புளித்த மோர் ஊற்றிவந்தாள். கற்கள் மறுபடி வெளுத்தன, செடியும் தழைத்தது.

பக்கத்து வீட்டு நசீமா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தாள். "எங்க பாப்பா ரத்தத்துல ஈயமாம்க்கா. புளிப்பு பட்டா கல்லு குடிச்சதெல்லாம் கக்கிடுமாம். எங்க வீட்டுக் கல்லு நீலமாத்தானே இருக்கு? அப்புறம் எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல. அவ கஞ்சிக்கு ரெண்டு கொத்து கறிவேப்பிலை குடுங்க."

தமயந்தி தொட்டியில் வெளுத்துக் கிடந்த கற்களைப் பார்த்தாள். "செடியில பூச்சி விழுந்துடுச்சு, நசீமா. பிடுங்கிப் போடப் போறேன்."

"பரவால்லக்கா. தினம் நீங்க குடுத்தத காயவெச்சுப் பொடி பண்ணிருக்கேன். பாப்பாவுக்கு ஒரு மாசத்துக்கு வரும்."