வெள்ளிக்கிழமைக் குறி

எஞ்சினியர் ஒலாய்டனின் வெள்ளை மதில்மேல், ஆள் உயரத்துக்கு, சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். கைக்கு அத்தனை சுகமாக இருந்தது.

அபுஜாவில் அந்தக் குறிக்கு யாருக்கும் அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைநகரத் திட்டத்தில் அந்த வீட்டுக்கு இடமில்லை, இடிக்கப்போகிறார்கள். முப்பது வருடம் ஊர் ஊராகப் போய் அதைப் போடவைத்தவர் இவர். இப்போது ஓய்வில் இருக்கிறார்.

பனியனோடு வெளியே ஓடிவந்தார். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் வீட்டுப் பத்திரம்.

"ஏம்மா, யார் வீடுன்னு தெரிஞ்சுதான் போட்டியா? இந்த ஊருக்கு ரோடு போட்டவனே நான்தான்!"

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? இருபத்திரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஊருக்கு வந்தபோது ஜீப்பைவிட்டு இறங்கவே இல்லையே. எங்கள் மண்சுவரில் குறி விழுந்ததும், புல்டோசர் எப்போது வரும் என்று அப்பா ஜீப்பின் பின்னாலேயே ஓடிக் கேட்டார். "சீக்கிரம் வரும்" என்று இவர் ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் கூரைத் தகரம் புத்தம் புதிது. இரண்டு வருடம் விளைந்த வள்ளிக்கிழங்கை விற்றுப் போட்டது. புல்டோசர் நசுக்குவதற்குள் கழற்றிவிட வேண்டும் என்று அன்று மாலையே அப்பா மேலே ஏறினார். அவர் கழற்றிக் கொடுக்கக் கொடுக்க, அம்மாவும் நானும், தலையில் எதையும் சுமக்காத எங்கள் சனத்தின் வழக்கப்படி, தோளில் சுமந்துபோய் அடுக்கினோம். ஒன்பதாவது தகரத்தோடு அப்பாவும் கீழே விழுந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அந்தச் சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. போக நான் விடவும் இல்லை.

எஞ்சினியர் பத்திரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். குரல் இறங்கியிருந்தது.

"பாரும்மா, எல்லாம் சரியாத்தானே இருக்கு. புல்டோசர் எப்ப வரும்னாவது சொல்லேன்."

"சீக்கிரம் வரும் ஐயா."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை. ஆபீஸ் மூடியாயிற்று, கோர்ட்டும் இனி திங்கட்கிழமைதான். சனிக்கிழமை விடியலில் இடித்தால் எவனும் தடையுத்தரவோடு வந்து நிற்க முடியாது என்று கண்டுபிடித்தவரே அவர்தான். அது அவருக்கு ஞாபகம் வந்ததை முகத்திலேயே பார்த்தேன்.

யார் யாருக்கோ போன் போட்டார். ஓய்வு பெற்றவர் போனை எவன் எடுப்பான்?

பிறகு தன் கூரையை அண்ணாந்து பார்த்தார். நீல அலுமினியத் தகடுகள், நல்ல விலை இருக்கும். ஏணியை அவரே இழுத்துவந்து சுவரில் சாய்த்தார். மனைவி கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். எழுபது வயது மனிதர் அவளை உதறிவிட்டு ஏறத் தொடங்கினார்.

என் பையில் இந்த வாரப் பட்டியல் இருந்தது. பதினாலு வீடுகள். இவர் வீடு அதில் இல்லை.

அன்று அவர் கொண்டுவந்த பட்டியலிலும் எங்கள் ஊர் இல்லை. எங்கள் ஊருக்குப் புல்டோசர் வரவே இல்லை. மழையில் வழி தவறி வேறு ஊரில் குறி போட்டுவிட்டதாக மறுநாளே அவர் கைப்பட எழுதிவைத்த குறிப்பை, அவருடைய அதே ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு பழைய ஃபைலில் படித்தேன்.

'ஊர்க்காரர்களுக்குத் தெரிவிக்கத் தேவையில்லை' என்று அடியில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

ஏணியின் கடைசிப் படியைத் தாண்டிக் கூரைமேல் கால் வைத்துவிட்டார்.

நானும் தெரிவிக்கவில்லை.