மருந்துக்காரரின் டப்பா

"அந்த அரை ஏக்கர்ல மருந்துக்காரர் புழுவைக் கொண்டுவந்து விடுறாரு மேடம். நம்பலைன்னா நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்து பாருங்க."

ஸ்டோர் கீப்பர் போட்டுக்கொடுத்ததும் பண்ணை மேனேஜரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பூச்சிமருந்து அதிகம் என்று இரண்டு லோடு முட்டைக்கோஸ் திரும்பி வந்த பிறகு, முதலாளியிடம் மன்றாடி வாங்கிய சோதனை நிலம் அது. மூன்று மாதமாக அங்கே மட்டும் மருந்து கிடையாது. விளைச்சல் குறையாவிட்டால் கம்பெனி மொத்தமும் மருந்துக்கு முழுக்குப் போடும். குறைந்தால் மறுபடியும் மருந்தடிக்கும் பம்புதான். வெள்ளிக்கிழமை அறுவடை.

பம்பு நின்றால், பதினைந்து வருடமாக அதை முதுகில் சுமந்த மருந்துக்காரருக்கு என்ன வேலை? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

மேனேஜரம்மா வேலைநீக்கக் கடிதத்தை டைப் செய்து கைப்பையில் வைத்துக்கொண்டார்.

காலையில் வந்து பார்த்தால், மருந்துக்காரர் செடி செடியாகக் குனிந்து இலையை விலக்கிக்கொண்டிருந்தார். கையில் பழைய பால்பவுடர் டப்பா.

"எத்தனை நாளா இந்த வேலை நடக்குது?"

பதறி நிமிர்ந்தவர், டப்பாவை அப்படியே நீட்டினார். பாதிக்குமேல் பச்சைப் புழு.

"விடல மேடம், பொறுக்குறேன். வேலைக்கு முன்னாடி ஒரு மணி நேரம், தினமும். சொல்லாம செஞ்சது தப்புதான்."

மேனேஜரம்மா டப்பாவை வாங்கி உள்ளே பார்த்தார்.

"இது ஜெயிச்சா உங்க வேலை போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். எம் பொண்ணுக்கு நாலு வயசு, வீசிங் இருக்கு. எத்தனை தடவை குளிச்சாலும் இந்த மருந்து வாடை போக மாட்டேங்குது. நான் கிட்டப் போனாலே அவளுக்கு மூச்சு வாங்கும். ராத்திரி ஜன்னலுக்கு வெளிய நின்னுதான் கதை சொல்லுவேன்."

மேனேஜரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்த கடிதத்தை நாலாகக் கிழித்தார். புழு பொறுக்கியதையும் மறைக்காமல் ரிப்போர்ட்டில் எழுதப்போவதாகச் சொன்னார். அதற்கென்று தனியாக ஒரு ஆள் வேண்டும், அது மருந்துக்காரராகவே இருக்கட்டும் என்று முதலாளியிடம் கேட்கப்போவதாகவும் சொன்னார். அப்படியும் அவருக்கு மனசு ஆறவில்லை.

"இவ்வளவு கஷ்டத்துக்கு, எப்பவோ வேற வேலைக்குப் போயிருக்கலாமே?"

மருந்துக்காரர் அடுத்த செடியின் இலையை விலக்கினார்.

"போயிருக்கலாம் மேடம். ஆனா இந்தப் பம்பை வேற ஒருத்தர் மாட்டிக்குவாரு. அவர் வீட்லயும் பிள்ளைங்க இருக்குமே."