ஒரே தலையாட்டல்

“நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்” என்று முதலாளி சொன்னார். ஷெட்டில் வண்டிகளுக்கு கிரீஸ் போடுகிற கிரீஸ்காரர் தலையாட்டிவிட்டு, பழைய லாரியின் கதவுக் கீலில் இன்னும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார்.

முதலாளிக்கு அது போதவில்லை. வேலையை விட்டு அனுப்புகிறவருக்கும் ஒரு மரியாதை உண்டு. எதிரில் நிற்பவன் கொஞ்சமாவது கலங்க வேண்டும். அதனால் ஷெட்டில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

அது சாதாரண லாரி இல்லை. அவர் முதன்முதலில் வாங்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகள் வந்தும், வீட்டுக்கு வருகிற விருந்தாளியை அதில் ஏற்றி ஒரு சுற்று அழைத்துப் போகாமல் அவர் சாப்பிட உட்கார வைத்ததில்லை. “என் மூத்த பொண்ணு மாதிரி. இத்தனை வயசாச்சு, ஒரு முனகல் கேட்டிருப்பீங்களா?” என்பார். கேட்டிருந்தாலும் பசித்த வயிற்றோடு யாரும் அதைச் சொன்னதில்லை.

நேற்று வந்தவர் சொல்லிவிட்டார். முதலாளி பெற்ற மகளுக்குப் பார்த்திருக்கும் பையனின் அப்பா அவர். முன் சீட்டில் உட்கார்ந்ததும் அடியில் ‘கீச்’ என்றது. பிறகு பள்ளம் வரும்போதெல்லாம் ‘கீச்’. “ஏன் சம்பந்தி, சீட்டுக்கு அடியில யாரையாவது உக்கார வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

முதலாளியும் சிரித்தார். வீடு திரும்பும் வரை அந்தச் சிரிப்பை இறக்கி வைக்க அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் சிரிச்சுட்டுத்தானே போனார், இதுக்குப் போய் ஒருத்தர் பிழைப்பில் கை வைப்பீங்களா என்று மனைவி கேட்டாள். சிரித்ததுதான் பிரச்சினை என்பது அவளுக்குப் புரியவில்லை.

கிரீஸ்காரரின் கை லேசுப்பட்டதில்லை என்று முதலாளிக்கே தெரியும். கதவு, ஸ்பிரிங் பட்டை, கிளட்ச் பெடல் என்று ஒவ்வொன்றின் மேலும் இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல அசைத்துப் பார்ப்பார். வைத்தியர் நாடி பிடிப்பது போல இருக்கும். எங்கே இறுக்கமோ அங்கே விரல் நிற்கும். அங்கே எண்ணெய் போகும். அந்த வித்தையைத் தான்தான் கற்றுக்கொடுத்ததாக முதலாளி விருந்தாளிகளிடம் சொல்வதுண்டு.

ஆனால் ஆள் ஏறி உட்கார்ந்தால் மட்டும் கத்துகிற சீட்டு ஸ்பிரிங், அந்த விரலுக்கு அகப்படாமல் போய்விட்டது. வழக்கமாக இந்த மாதிரி சமாசாரங்களைத் தொட்டுக் காட்டுகிற டிரைவர் அப்போது லீவில் இருந்தார்.

இரண்டாவது தடவையும் பேசி முடித்து முதலாளி மூச்சு வாங்கினார். கிரீஸ்காரர் மறுபடி தலையாட்டினார். வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனார். முகத்தில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. வேலை போனது தனக்குத்தானோ என்று சந்தேகம் வருகிற அளவுக்கு வெறுமையாகிப்போய் முதலாளி வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலை ஷெட்டுக்குள் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கிரீஸ் கன் சீராக இயங்கிக்கொண்டிருந்தது.

போ என்று சொன்ன பிறகும் வந்து வேலை பார்க்கிறான். முதலாளி லாரியின் பானெட்டை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். இது வண்டி மேல் உள்ள பாசமா, தன் மேல் உள்ள விசுவாசமா என்று கொஞ்சம் யோசித்து, தன் மேல் உள்ளதுதான் என்று முடிவு செய்தார்.

லீவு முடிந்து வந்திருந்த டிரைவரிடம் அவனைக் கூப்பிடச் சொன்னார். டிரைவர் குனிந்து, நீட்டிக்கொண்டிருந்த காலைத் தட்டினார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் குறைந்தா போய்விடும் என்று முதலாளிக்குத் தோன்றியது. பெருந்தன்மை பொங்குகிற நேரத்தில் அதைப் பேசவேண்டாம் என்று விட்டுவிட்டார்.

“நான் கோவக்காரன்தான்யா. ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன். உன் உடம்புல தெம்பு இருக்கற வரைக்கும் இந்த வேலை உன்னோடதுதான்” என்றார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. தழுதழுத்ததை அவரே கவனித்து, கடைசி வார்த்தையை இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

கிரீஸ்காரர் தலையாட்டினார். நேற்றைய அதே தலையாட்டல், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் போய்விட்டார்.

காலில் விழ வேண்டாம், கண்ணிலாவது கொஞ்சம் ஈரம் தெரியும் என்று காத்திருந்த முதலாளிக்குச் சுள்ளென்று ஏறியது.

“என்னய்யா இது, போன்னாலும் அதே மண்டையாட்டல், இருன்னாலும் அதே மண்டையாட்டலா? நன்றின்னு ஒரு வார்த்தை அவன் வாயிலேர்ந்து வரலேன்னா, இப்பவே வேற ஆளப் பாத்துக்கறேன். போய்ச் சொல்லு அவன்கிட்ட.”

டிரைவர் போகவில்லை. நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். சொல்லாவிட்டால் அந்த வேலை போய்விடும், சொன்னாலும் போகலாம். தரையில் இருந்த எண்ணெய்க் கறையைச் செருப்பால் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அவருக்குக் காது போயி ரொம்ப நாளாச்சு முதலாளி.”