பேன் பார்த்தல்

பொங்கல் பானை பொங்கும்வரை கோயில் வேப்பமரத்தடியில் இருந்தோம்.

"தலை கடிக்குது, பேன் இருக்கோ பார் பிள்ளை" என்றா அம்மா.

இந்தக் கோயில் தொடங்கினதே பேன் பார்த்ததால்தான். மாடு மேய்த்த பொடியளிடம் கிழவியாக வந்த அம்மன் தலையைக் காட்டினாவாம். மயிரை விலக்கினால் ஆயிரம் கண். அப்பா வருசாவருசம் எங்களைச் சைக்கிளில் கூட்டிவந்து, அம்மாவின் தலையைக் கிளறி, "இன்னும் ஒரு கண்ணும் முளைக்கேல்லை" என்று சிரிப்பார். போரின் கடைசிச் சண்டையோடு அவர் காணாமற் போனார்.

உச்சியில் மயிரை விலக்கினேன். ஒரு கண் இருந்தது. வெள்ளையில், அப்பாவின் கண்ணில் இருந்த அதே கறுத்த புள்ளி.

"இருக்கோ?"

"ஓம் அம்மா. ஒண்டு. என்னைப் பார்க்குது."

"அப்ப மயிரை மூடாதை, பிள்ளை. நீ வளர்ந்ததை அவர் இன்னும் காணேல்லை."