ராணி வேண்டாம் என்ற சிப்பாய்

சதுரங்கப் பலகையின் கடைசிக் கட்டத்தில் வெள்ளைச் சிப்பாய் கால் வைத்ததும் ஒரே ஆரவாரம். அங்கே வந்து சேர்ந்த சிப்பாய் ராஜாவைத் தவிர எந்தக் காயாகவும் மாறிக்கொள்ளலாம். ஆனால் எல்லோரும் ராணியாகத்தான் மாறுவார்கள். கிரீடம்கூடத் தயாராக இருந்தது.

"நான் குதிரை ஆகிக்கிறேன்" என்றது சிப்பாய்.

கிரீடத்தைச் சூட்ட நீண்ட யானையின் தும்பிக்கை பாதியில் நின்றுவிட்டது. "ராணியை விட்டுட்டா? உனக்கென்ன பைத்தியமா?"

"நேராவே நடந்து வந்துட்டேன், யானையண்ணே. இனிமே குதிக்கணும்."

"அடப்பாவி!" வெள்ளை ராஜா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த மூவ்ல என் தலை போகப்போகுது. உனக்கு இப்பத்தான் குதிக்கணுமா?"

சிப்பாய் குதிரையானது. காவலர்களுக்கு நடுவே நகர இடமில்லாமல் ஒளிந்திருந்த கறுப்பு ராஜாவுக்கு அதுவே செக். அத்தனை காவலும் ராணியை மறிக்கத்தான். தலைக்கு மேல் தாண்டி வருகிறவனை யார் மறிப்பது? ஆட்டம் அதோடு முடிந்தது.

வெள்ளை ராஜா யானையின் காதருகே எட்டி முணுமுணுத்தார்.

"தலை தப்பிச்சது சரிதான். ஆனா நாலு பேர் கேட்டா என்னன்னு சொல்றது? ராணியாவே ஆயிருக்கலாம்!"