மாடி அறைக்குள் ஒரு நாய்

“நீங்கள்லாம் மனுசங்கதானா? காப்பாத்த வக்கில்லாதவங்களுக்கு நாய் எதுக்குங்க?”

டாக்டர் ஆக்சிலியா போட்ட சத்தத்தில், மொரப்பூர் கால்நடை மருந்தக வாசலில் கட்டியிருந்த பசுமாடுகூடத் திரும்பிப் பார்த்தது.

மேசைமேல் ஒரு பக் நாய். சப்பை மூக்கும் சுருங்கிய முகமுமாக, நாக்கு நீலம் பாரித்துத் தொங்க, கர்... கர்... என்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது. அதைத் தன் சட்டையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவன் வெறும் பனியனோடு நின்றான். நாற்பது வயதிருக்கும்.

மே மாதத்து வெயில். மணி ஒன்று. ஒன்பதுக்குப் போன கரண்ட் ஐந்துக்குத்தான் வருமாம்.

தெர்மாமீட்டரைப் பார்த்த ஆக்சிலியாவுக்குப் பகீரென்றது. நூற்றியேழு.

அவன் வழியில் வாங்கி வந்த ஐஸ் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான்.

“ஐஸ் தண்ணி ஊத்தாதீங்க! மேல தோல் இறுகிட்டா உள்ள இருக்கற சூடு வெளியேறாது. தொட்டித் தண்ணியே போதும். வயித்துல, தொடை இடுக்குல, பாதத்துல ஊத்துங்க. காசியம்மா, விசிறுங்க!”

உதவியாளர் காசியம்மாள் பழைய காலண்டர் அட்டையை எடுத்து விசிறினாள். ஆக்சிலியா நாயின் முன்னங்காலில் ஊசியேற்றி, சலைன் பாட்டிலைச் சன்னல் கம்பியில் மாட்டினாள். அவன் சொம்பு சொம்பாகத் தண்ணீர் மொண்டு வந்தான். 

அரைமணி நேரம் போராடிய பிறகு மூச்சு கொஞ்சம் சீரானது. நாக்கில் சிவப்பு திரும்பியது. ஆக்சிலியாவின் கோபம் மட்டும் இறங்கவில்லை. நோட்டைப் பிரித்தாள்.

“பேரென்ன?”

“மாதுங்க.”

“நாய் பேரு?”

“தெரியாதுங்க. இது என் நாயி இல்லீங்க, டாக்டரம்மா.”

“அப்புறம் யாருது?”

“ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட புதுசா கட்டுன மாடி வூடுங்க. அங்க போயிருந்தப்பதான் பாத்தேன். வூட்டுக்காரங்க ஓசூருக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. இத மாடி ரூம்ல அடைச்சிட்டு, ஏசியப் போட்டுட்டுப் போயிருக்காங்க.”

“கரண்ட் போனா ஏசி நின்னுடும்னு தெரியாதா அவங்களுக்கு?”

அதுவரை குனிந்தே இருந்தவன் நிமிர்ந்தான். “அதாங்க எனக்கும் வயிறு எரியுது. இன்னிக்கிப் பூராவும் கரண்ட் இருக்காதுன்னு நேத்தே பேப்பர்ல போட்டிருந்தாங்க. நானே படிச்சேன். படிச்சவங்க அவங்க, பாக்க வேணாமா? சன்னல் எல்லாம் கண்ணாடி. இறுக்கச் சாத்தியிருக்குது. உள்ள அடுப்பாட்டம் கொதிக்குது. தண்ணிக் கிண்ணம் காஞ்சி கெடக்குது. கதவப் பிறாண்டிப் பிறாண்டி நகமெல்லாம் ரத்தமுங்க! தொறந்ததும் மேல பாஞ்சி கடிக்கப் போவுதுன்னுதான் நெனச்சேன். எங்கால்மேல தலைய வெச்சி அப்பிடியே சாஞ்சிடுச்சி.”

 காசியம்மாள் விசிறுவதை நிறுத்திவிட்டு, “பாவிங்க, நல்லா இருப்பாங்களா?” என்றாள்.

ஆக்சிலியா கைப்பேசியை எடுத்தாள்.

“விட மாட்டேன். வாயில்லா ஜீவனை வதைச்சா கேக்கறதுக்குச் சட்டம் இருக்குது. ஸ்டேஷனுக்குச் சொல்லப்போறேன். நேர்ல பாத்தவரு நீங்கதான். இருந்து வாக்குமூலம் குடுத்துட்டுப் போங்க.”

மாதுவின் முகம் வெளிறியது.

“நான் எதுக்குங்க? உயிர் பொழைச்சிடுச்சில்ல, அது போதும். நான் கெளம்பறேங்க.”

“ஏன்? பெரிய வூட்டுக்காரங்கன்னு பயமா? வேலையில இருந்து தூக்கிடுவாங்கன்னு பயமா?”

 அவன் வாசலை நோக்கி நடந்தான்.

“போங்க, தாராளமாப் போங்க!” ஆக்சிலியா வெடித்தாள். “அவங்க அடைச்சிட்டுப் போனாங்க, நீங்க வாய அடைச்சிட்டுப் போறீங்க. என்னங்க பெரிய வித்தியாசம்?”

படியில் கால் வைத்தவன் நின்றான்.

“நான் சொல்லலைன்னா என்ன ஆவுமுங்க?”

“என்ன ஆகும்? சாயங்காலம் வந்து, எங்க நாயின்னு தூக்கிட்டுப் போவாங்க. அடுத்த தடவை கரண்ட் போறப்பவும் அதே ரூம்தான். அன்னிக்கு யாரு வந்து கதவத் தொறப்பாங்க?”

மேசைமேல் கிடந்த நாய் முனகியது. தலையைத் தூக்க முடியாமல் தூக்கி, வாசல் பக்கம் பார்த்தது. வால் ஒரே ஒருமுறை அசைந்தது.

மாது திரும்பி வந்தான். அதன் நெற்றிச் சுருக்கத்தை விரலால் மெல்லத் தடவினான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

“போன் போடுங்க, டாக்டரம்மா. போலீசு வர்ற வரைக்கும் இங்கயே இருக்கறேன்.”

ஆக்சிலியாவுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. “பயப்படாதீங்க. அவங்க வேலையை விட்டுத் தூக்கினாலும் நாங்க உங்க பக்கம் நிப்போம். எத்தனை வருசமா அங்க வேலை பாக்கறீங்க?”

“நான் அங்க வேலை பாக்கலீங்க. கரண்ட் இல்லாத நேரத்துல கேமரா ஓடாதுன்னு பூட்டை ஒடைச்சி உள்ள போனேன். நாய் இருக்கறதே, பீரோவத் தேடி மாடிக்கு ஏறுன பொறவுதான் தெரியுமுங்க.”